வாடகை வீட்டிலும் ஒரு கீரைக்கொல்லை



ஊரை விட்டு நகரத்திற்கு வந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "இன்னும் இரண்டு வருஷம்; கடன் தீர்ந்ததும் ஊருக்குப் போய்விடுவோம்." அந்த இரண்டு வருஷம் பத்தாகிறது, பத்து இருபதாகிறது. பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குச் சென்றுவிடுகிறார்கள். வீட்டு மாடி மட்டும் அன்றிருந்தபடியே வெறுமையாய் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. "சொந்த வீடு கட்டிய பிறகு தோட்டம் போடலாம்" என்ற எண்ணத்தில் ஒரு கீரை விதையைக்கூட நாம் மண்ணில் போடுவதில்லை.

எரேமியாவின் நாட்களிலும் இதேபோல் ஓர் "இரண்டு வருஷம்" இருந்தது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் இரண்டு வருஷத்திற்குள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அனனியா என்னும் ஒருவன் தேவாலயத்தில் நின்று தீர்க்கதரிசனம் சொன்னான் (எரேமியா 28:1-4). கேட்பதற்கு எவ்வளவு இனிமையான வார்த்தை! ஆனால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல. எரேமியா அந்தச் சிறைப்பட்டவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதமோ எழுபது வருஷக் கணக்கைச் சொன்னது. அதுவரை அவர்கள் அந்நிய மண்ணில் வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணவும், தாங்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்திற்காக ஜெபிக்கவும் வேண்டும் என்று அது கற்பித்தது (எரேமியா 29:4-10).

கவனித்தீர்களா? தோட்டம் போடும்படி அங்கே சொல்லப்பட்டது நிலம் உள்ளவர்களுக்கு அல்ல. நிலத்தை இழந்து வந்தவர்களுக்கு. அந்தக் கடிதம் நமக்கும் உரியது. ஆகையால் இந்த மாதம் ஆவிக்குரிய சத்தியத்தோடு, மண்வெட்டியையும் விதைப் பொட்டலத்தையும் குறித்துச் சற்று விவரமாகவே பேசுவோம்.

ஊரில் நாம் கண்ட பள்ளிக்கூடம்

கங்காதர நெல்லூரையும் அதன் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த நம்மவர்கள் சித்தூரிலும் திருப்பதியிலும், இன்னும் தூரமாய்ச் சென்னையிலும் பெங்களூருவிலும் பிழைக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் எல்லைப்புறம் அது. அங்கே ஓடும் நீவா நதியே எல்லையைக் கடந்ததும் பொன்னையாறு என்று பெயர் மாறிப் பாலாற்றில் கலக்கிறது. மழை இரு பருவங்களிலும் பெய்யும். ஆனால் எதையும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாத வறண்ட சீமை.

அந்த ஊர்களின் பழைய வீட்டுப் புழக்கடையை நினைத்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் இடத்தின் தண்ணீர் ஓடும் பக்கம் வாழையும் சேம்பும். வேலி ஓரத்தில் முருங்கை. மாட்டுத் தொழுவத்தின் கூரைமேல் சுரைக்கொடி. பந்தலில் அவரையும் பீர்க்கும். நிழல் விழாத இடத்தில் கத்தரியும் மிளகாயும். கைக்கெட்டும் தூரத்தில், நம் அண்டை வீட்டார் தோட்டக்கூர என்று சொல்லும் தண்டுக்கீரையும், கோங்கூரா என்று சொல்லும் புளிச்சக்கீரையும். மார்கழி, தை வந்துவிட்டால் பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோல் நீக்கி வைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பின் வாசனை தெருவெங்கும் வீசும்.

நம் தாய்மார்கள் யாரும் காகிதத்தில் வரைபடம் போடவில்லை. ஆயினும் அந்தப் புழக்கடை திட்டமில்லாமல் உண்டாகவில்லை. தண்ணீர் எங்கே போகிறது, வெயில் எங்கே விழுகிறது, அடுப்படியிலிருந்து எத்தனை அடி தூரம் என்ற மூன்றையும் பார்த்தே ஒவ்வொன்றும் நடப்பட்டது. சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து வைத்த விதை அடுத்த ஆடி வரை கெடாமல் இருந்தது.

இந்த அறிவை ஆந்திர அரசு இப்போது மீண்டும் ஊர்தோறும் கொண்டுசெல்கிறது. அரசு நிறுவனமான ரைது சாதிகார சம்ஸ்தா, 2016-ஆம் ஆண்டு முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வழியாக இயற்கை வேளாண்மையைப் பரப்பி வருகிறது. வயலோடு வீட்டுத் தோட்டமும் அதில் ஒரு பகுதி. போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் அறக்கட்டளை 2024-இல் மனிதகுலத்திற்கான தன் பரிசை வழங்கியபோது, அதைப் பகிர்ந்துகொண்ட மூவரில் இந்த ஆந்திரத் திட்டமும் ஒன்று. நம் தாய்மார்கள் புழக்கடையில் செய்ததை உலகம் எழுந்து நின்று மதித்திருக்கிறது. நாமோ அதை மறந்துவிட்டோம்.

முதலில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்

கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28). தோட்டத்திற்கும் இது பொருந்தும். விதை வாங்குமுன் நான்கு காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, வெயில். ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி முதல் மாலை வரை, மணிக்கு ஒருமுறை மாடியையோ பால்கனியையோ பார்த்து, வெயில் விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றிற்கு ஆறு மணி நேர வெயிலாவது தேவை. கீரை, புதினா, கொத்தமல்லிக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். அரைநாள் நிழல் விழும் பால்கனியில் தக்காளியை வைத்துவிட்டுக் காய்க்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டாவது, தண்ணீர். அரிசி, பருப்பு களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் ஒரு வாளியில் சேர்த்து வையுங்கள். சிறிய தோட்டத்தின் தேவையில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். அதில் உப்பு மிகுதி; பையில் இருக்கும் சிறிதளவு மண் விரைவில் கெட்டுவிடும்.

மூன்றாவது, பாரம். இதை நம்மில் அநேகர் யோசிப்பதில்லை. நனைந்த மண்ணை ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் உயரம் பரப்பினாலே 160 கிலோவைத் தாண்டிவிடும். ஆட்கள் ஏறிச்செல்லும் மாடிக்கு இந்தியக் கட்டுமான விதிகள் கணக்கில் கொள்ளும் பாரமோ சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோதான். ஆகவே மாடியில் மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டாதீர்கள். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் தாங்கும் ஓரங்களில் இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். பழைய கட்டிடமாயின் விஷயம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, வீட்டு உரிமையாளரின் அனுமதி. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் முதன்முதலில் பை வைத்தபோது யாரையும் கேட்கவில்லை; பைகளை நேராகத் தளத்தின்மேலேயே வைத்தேன். ஆறு மாதத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்து கறை படர்ந்தது. உரிமையாளர் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னார். அவர் சொன்னது நியாயமே. காய்த்துக்கொண்டிருந்த கத்தரிச் செடியை அன்று பிடுங்கிப்போட்டேன். ஒவ்வொரு பையின் கீழும் இரண்டு செங்கல், அதன்மேல் ஒரு தட்டு, வடியும் நீர் தளத்தில் தேங்காத ஏற்பாடு: இந்த மூன்றையும் காட்டி முதலிலேயே அனுமதி கேட்டிருந்தால் அந்தச் செடி பிழைத்திருக்கும்.

பன்னிரண்டு பைகளில் ஒரு தோட்டம்

நாள் ஒன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு இது நாளொன்றுக்கு 1,600 கிராம். உங்கள் மாடி இவ்வளவையும் தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் வாரந்தோறும் கீரை, அன்றாடம் மிளகாயும் கறிவேப்பிலையும், அவ்வப்போது தக்காளியும் கத்தரியும் நிச்சயமாய்த் தரும். 2023 ஜூலையில் மதனப்பள்ளிச் சந்தையிலேயே தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறதா? வீட்டில் மூன்று செடி இருந்தவர்கள் அந்த மாதத்தை அமைதியாய்க் கடந்திருப்பார்கள்.

தொடக்கத்திற்குப் பன்னிரண்டு பைகள் போதும். நான்கு கீரைக்கு, மூன்று தக்காளிக்கு, இரண்டு கத்தரிக்கு, இரண்டு மிளகாய்க்கு, ஒன்று கொடிக்கு. கீரைக்கு அகலமான, அரை அடி ஆழமுள்ள தட்டுப் பை போதுமானது. மற்றவற்றிற்கு ஓர் அடி ஆழம் வேண்டும். கொடிக்கு ஒன்றரை அடி இருந்தால் நல்லது. பைகளின் அடியில் துளைகள் உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

கீரையில் ஒரு சிறு ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள். நான்கு பைகளிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரத்திற்கு ஒரு பையாக விதையுங்கள். சிறுகீரையும் அரைக்கீரையும் ஏறக்குறைய நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். நான்காவது பையில் விதைத்து முடித்த மறுவாரமே முதல் பை ஆயத்தமாயிருக்கும். பறித்த பையில் ஒரு கைப்பிடி எரு கலந்து மறுபடியும் விதையுங்கள். வருஷம் முழுவதும் வாரம் ஒரு கீரைக் குழம்பு உங்கள் மேசைக்கு வரும்.

காலத்தை அறிந்து விதையுங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியோர் சொன்னது காரணமில்லாமல் அல்ல. ஜூலை, ஆகஸ்டில் கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை, பீர்க்கு எல்லாம் நன்றாய்ப் பிடிக்கும். முக்கியமாக நாட்டு அவரையும் மொச்சையும் பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். அவற்றைச் சித்திரையில் விதைத்தால் கொடி வீடெங்கும் படரும். காய் மட்டும் இராது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எச்சரிக்கையாயிருங்கள். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் மிதந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் வேர் அழுகித்தான் செடிகள் சாகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் புதிய நாற்று நடுவதைத் தவிர்த்து, வடிகால் துளைகளைச் சுத்தம் செய்து வையுங்கள். தை, மாசியில் மறுபடியும் நடலாம். தக்காளிக்கு அது நல்ல காலம்.

நீங்கள் இருக்கும் நகரத்திற்கேற்பவும் இது மாறும். சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நிழல்வலை இல்லாமல் இளம்செடி பிழைப்பது கடினம். பெங்களூருவின் குளிர்ச்சியில் பீன்ஸ், கேரட், முள்ளங்கி ஆகியவை இன்பமாய் வளரும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழைக்குப் பைகளைக் கூரை ஓரமாய் ஒதுக்கி வைக்க வேண்டும்.

மண்ணும் எருவும்

செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேருங்கள். தென்னைநார் பாரத்தைக் குறைக்கும். ஈரத்தையும் பிடித்து வைக்கும். கலவையைத் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் ஆறவிட்ட பிறகே விதையுங்கள்.

ஊர்ப்பக்கம் செய்யும் ஜீவாமிர்தத்தை வீட்டளவிலும் செய்யலாம். பத்து லிட்டர் தண்ணீரில் அரைக்கிலோ புதிய சாணம், அரை லிட்டர் கோமியம், 100 கிராம் வெல்லம், 100 கிராம் கடலைமாவு, ஒரு கைப்பிடி நல்ல மண் சேர்த்து நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிடுங்கள். இரண்டு, மூன்று நாளில் ஆயத்தமாகும். ஒரு பங்கிற்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்ற வேண்டும். வெல்லத்தையும் மாவையும் உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணை உயிர்ப்பிக்கின்றன. இதில் மந்திரமோ சடங்கோ எதுவுமில்லை. சில விசுவாசிகள் இந்தப் பெயரைக் கேட்டுத் தயங்குகிறார்கள். கனியற்ற அத்திமரத்தைச் சுற்றிக் கொத்தி எருப்போட ஒரு வருஷம் தவணை கேட்ட தோட்டக்காரனை நம் ஆண்டவரே உவமையாகச் சொன்னாரல்லவா (லூக்கா 13:6-9)?

சாணம் கிடைக்காத நகரத்தில் சமையலறைக் கழிவே போதும். துளையிட்ட பழைய வாளியில் காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மாறி மாறிப் போட்டு மூடி வையுங்கள். சமைத்த உணவையும் இறைச்சியையும் போடாதீர்கள். இரண்டு மாதத்தில் கறுத்த, மண்வாசனை வீசும் எரு கிடைக்கும்.

விதைத்து, நட்டு, காத்திருங்கள்

கீரை விதையை மணலுடன் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. வெண்டையையும் அவரையையும் நேராகவே ஊன்றலாம். தக்காளி, கத்தரி, மிளகாயை முதலில் நாற்றாக வளர்த்து, தக்காளியை ஏறக்குறைய 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் எடுத்து நடுங்கள். நடுவது எப்போதும் மாலையில் இருக்கட்டும். முதல் மூன்று நாள் நிழல் கொடுங்கள்.

விதை வாங்கும்போது நாட்டு ரகமா, வீரிய ஒட்டு ரகமா என்று கேளுங்கள். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி மூன்று நோய்களைத் தாங்கும். ஆனால் அது ஒட்டு ரகமாதலால் அதன் விதையை எடுத்து மறுபடியும் விதைத்தால் அதே குணம் வராது. பெரியகுளத்தில் உருவான பிகேஎம்-1 தக்காளியில் விதை எடுத்து வைக்கலாம்.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் சாகும் செடிகளைவிட அன்பின் மிகுதியால் மூழ்கிச் சாகும் செடிகளே மாடிகளில் அதிகம்! இலையின் அடியில் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயையும் சில துளி சோப்புக் கரைசலையும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பையை ஒப்புக்கொடுங்கள். விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவன் அறியாத விதமாய் விதை முளைத்து வளருவதைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை (மாற்கு 4:26-29), முளை வெளிப்படும் காலையில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஞாயிறு பள்ளியில் பத்து முறை கேட்டாலும் புரியாதது அன்று ஒரே நொடியில் புரியும்.

முள்ளுக்கு விட்ட கொல்லை

நகரத்தில் நடுவது நம் கடமையில் பாதி. ஊரில் நம் பெற்றோரின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலம் எப்படி இருக்கிறது? ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கேட்டது அதைக் கீரைக்கொல்லையாக்குவதற்காகவே. பிதாக்களின் சுதந்தரம் என்று சொல்லி நாபோத் மறுத்தான் (1 இராஜாக்கள் 21:2, 3). நம்மிடம் எந்த ஆகாபும் வந்து கேட்கவில்லை. நாமே அதைச் சீமைக்கருவேலமுள்ளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். அங்கே தனித்திருக்கும் வயதான தாயார் கடையில் கீரைக்கட்டு வாங்குகிறார்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். முள்ளை வெட்டி, தண்ணீர் சுமக்க வேண்டாதபடி துணி துவைக்கும் கல்லின் நீர் ஓடும் பக்கம் ஒரு முருங்கை, ஒரு வாழை, ஒரு பப்பாளி நடுங்கள். கறிவேப்பிலையை வாசலருகே வையுங்கள். முதியவர்கள் குனிந்து களை எடுக்கத் தேவையில்லாத செடிகள் இவை. பிகேஎம்-1 முருங்கை விதையிலிருந்தே ஆறு, ஏழு மாதத்தில் பூத்துக் காய்க்கத் தொடங்கிவிடும்.

திரும்பும்போது தாயாரிடம் ஒரு பிடி அவரை விதை கேட்டு வாங்கிவாருங்கள். அவர் தன் முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் வெள்ளரிக்காய்களையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11:4, 5). அந்த அழுகையால் ஒரு செடியும் முளைக்கவில்லை. ஊரை நினைத்து ஏங்குவதைவிட, ஊரின் விதையை நாம் இருக்கும் இடத்தில் ஊன்றுவது நல்லது.

முதல் பலன் வந்ததும் அதை நீங்களே உண்டுவிடாதீர்கள். ஒரு கட்டுக் கீரையைச் சபையில் இருக்கும் ஒரு விதவைக்குக் கொடுங்கள். இன்னொன்றை, இத்தனை வருஷமாய்ப் பெயரும் தெரியாமல் எதிரே வாழும் வேற்றுமொழிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுங்கள். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுவது முழங்காலில் தொடங்கி அந்தக் கதவு வரை நடந்து செல்வதுதான்.

எத்தனை வருஷம் இந்த நகரத்தில் இருப்போம் என்பதைக் கர்த்தர் அறிவார். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் ஒரு பையில் மண் நிரப்புங்கள். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.